சிறப்பு விருந்தினர் வேன் கழுவினார்

மூன்று மாதமாக என் காரின் பிரேக் கத்திக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கத்துவதை நிறுத்தியது. கூடவே வண்டியை நிறுத்துவதையும் நிறுத்திவிட்டது.

கார் வைத்திருப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. சர்வீஸ் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, அன்று காலை ஏழு மணிக்கே சென்டர் வாசலில் போய் நிற்பார்கள். நான் அந்த ரகம் இல்லை. சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வந்தால் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டுவேன். அதையும் தாண்டிக் கேட்டால் ஜன்னலை ஏற்றிவிடுவேன். ‘உங்கள் வாகனம் பராமரிப்புக்காகக் காத்திருக்கிறது’ என்று மெசேஜ் வரும். காத்திருக்கட்டுமே, நான்கூட எத்தனையோ விஷயத்துக்குக் காத்திருக்கிறேன் என்று அழித்துவிடுவேன்.

ஞாயிறு மாலை மூன்று மணிக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டம். நான் சிறப்பு விருந்தினர். போகிற வழியில் பழவேற்காட்டுக்குள் புகுந்து நல்ல நண்டாக நாலு வாங்கி, மதியம் அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று திட்டம்.

“நீங்க மீட்டிங்குக்குப் போறீங்களா, நண்டு வாங்கப் போறீங்களா?” என்று என் மனைவி கேட்டார். வெள்ளை வேட்டி சட்டையில் கிளம்பிவிட்டேன்.

காலை பத்தே முக்கால். ஏரிப் பாலத்தில் ஏறி இறங்கும்போது பிரேக்கை மிதித்தால், பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரை வரைக்கும் போனது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். கியரைக் குறைத்தேன். வண்டி தள்ளாடிக்கொண்டே போய், குப்பத்து ஓரத்தில் குவித்து வைத்திருந்த ஒரு வலைக் குவியலுக்கு அரையடி முன்னால் நின்றது. அங்கே உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர் எழுந்திருக்கக்கூட இல்லை. நீட்டியிருந்த காலை மட்டும் மடக்கிக்கொண்டார்.

“இன்னா சார், பிரேக் இல்லையா? அதோ குமரேசன் ஷெட்டு. தள்ளிக்கினு போயிடலாம், வாங்க.”

தள்ளிக்கொண்டு போனோம்.

குமரேசனுக்கு நாற்பது வயதிருக்கும். முன்பு படகு எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது கார், வேன், ஆட்டோ எல்லாம் பார்க்கிறார். மேலே தகரக் கூரை. கீழே வண்டியை நிறுத்தி அடியில் நின்று வேலை செய்ய ஒரே ஒரு பள்ளம். சுவரில் ஒரு கரும்பலகை. அவ்வளவுதான் ஷெட். அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

“வீல் சிலிண்டர் போயிடுச்சு சார். பிரேக் ஆயில் பூரா ஒழுகிக்கினு கீது. முன்னாடி பேடு தேஞ்சு இரும்புல இரும்பு ஒரசுது. எத்தினி நாளா சத்தம் வருது?”

“ரெண்டு மூணு நாளா…”

அவர் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “மூணு மாசம் இருக்கும்” என்றார். டாக்டர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் நாம் ஏன் பொய் சொல்கிறோம் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

“சாமான் கைல இருக்குது. ரெண்டு, ரெண்டரை மணி நேர வேலை. ஆனா சார், இன்னிக்கு உங்க பாடு இல்லையே.”

பாடு என்றால் முறை. ஏரியில் மீன் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம், பிடிக்கிறவர்கள் நிறைய. அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்ன நாள் இன்னாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். ஒருவருடைய பாட்டு நாளில் மற்றவர் அந்த இடத்தில் வலை போட மாட்டார். குமரேசன் ஷெட் போட்ட புதிதில் குப்பத்து வண்டிகள் எல்லாம் ஒரே நாளில் வந்து நின்று, தினமும் வாய்ச்சண்டை. கடைசியில் ஊர் கூடி, ஏரிக்கு இருக்கிற வழக்கமே ஷெட்டுக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள். மாதம் பிறந்தால் சீட்டுக் குலுக்கல். ஒரு நாளைக்கு ஒரு வண்டி. பெயர்கள் வரிசையாகக் கரும்பலகையில். காற்றடிப்பதற்கும் பஞ்சருக்கும் மட்டும் விலக்கு.

“எம்.எல்.ஏ. வண்டி வந்து நின்னா?” என்று கேட்டேன்.

“அவரும் சீட்டுல பேரு போட்டுக்கலாம் சார்.”

மேலே ஏதாவது போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் காதில் விழாத மாதிரி இருந்தார். நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்றேன். “அப்டிங்களா” என்றார். நான் எதிர்பார்த்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

“வண்டி இங்கியே பத்திரமா நிக்கட்டும் சார். பொன்னேரிக்கு பஸ் இருக்குது. அங்கேர்ந்து ட்ரெய்ன் புடிச்சா கும்மிடிப்பூண்டி எம்மாந்தூரம்?”

நியாயமான யோசனைதான். மூன்று மணிக்கு நான்கு மணி நேரம் இருந்தது. ஆனால் சிறப்பு விருந்தினர் ஸ்டேஷனிலிருந்து வியர்க்க விறுவிறுக்க நடந்துபோய் நிற்பதா? வாசலில் கார் வந்து நிற்க, இரண்டு பேர் ஓடி வந்து கதவைத் திறக்க… உங்களிடம் மறைப்பானேன், எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும்.

“வேற வழியே இல்லையா?”

“பாடு யாருதோ அவங்க குடுத்தா வாங்கிக்கலாம். நான் குடுக்க முடியாது. இன்னிக்கு தேசப்பன் மாமா பாடு. அதோ இருக்காரு, கேட்டுப் பாருங்க.”

தேசப்பனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கட்டம் போட்ட லுங்கி. மீன் பெட்டிகளைப் பொன்னேரி மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போகிற பழைய மினி வேன் ஒன்று அவருடையது. அதன் பக்கத்தில் ஒரு வேன் சீட்டைத் தரையில் போட்டு, அதில் உட்கார்ந்து ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒரு சின்ன உதவி. இன்னிக்கு உங்க முறையை எனக்கு விட்டுக்கொடுக்க முடியுமா? கொஞ்சம் அர்ஜென்ட். மூணு மணிக்குள்ள கும்மிடிப்பூண்டி போயாகணும். நான் போகாம அங்க ஆரம்பிக்க மாட்டாங்க.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பிறகு தன் வேனைப் பார்த்தார். தலைக்கு மேல் வெயிலைப் பார்த்தார். சீட்டின் மேல் ஒரு தடவை கையை ஓட்டினார்.

“சரி சார். எடுத்துக்கோங்க.”

ஏன், எதற்கு, என்ன அவசரம் — ஒரு கேள்வி இல்லை. எழுந்து, என்னை அந்தச் சீட்டில் உட்காரச் சொன்னார். அவரே போய் டீ வாங்கி வந்தார். கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு, “மனச மட்டும் தளர வுட்டுடாதீங்க சார்” என்றார்.

பிரேக் போனதற்கா இவ்வளவு ஆறுதல்? என்ன மனிதர்கள் என்று நெகிழ்ந்துபோனேன். ஒருவேளை இவர் நம் பத்தியைப் படிக்கிறவரோ என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது. சிரிக்காதீர்கள்.

என் கார் பள்ளத்தின் மேல் ஏறியது. குமரேசன் முன்சக்கரத்தைக் கழற்றினார். பிரித்துப் பிரித்துத் துடைத்து வைத்துக்கொண்டே வந்தவர், ஒரு முக்கால் மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்காமல் தணிந்த குரலில் கேட்டார்.

“கேக்கக் கூடாதுதான்… ரொம்ப வேண்டியவங்களா சார்?”

“யாரு?”

“கும்மிடிப்பூண்டில. தவறிட்டவங்க.”

“ஐயையோ, யாரும் தவறலைங்க. ஒரு இலக்கியக் கூட்டம். நான் பேசப் போறேன்.”

குமரேசன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“பேசவா?”

“ஆமாம். ‘வேகமான உலகில் நிதானமான வாழ்க்கை’ன்னு தலைப்பு.”

 அவர் தேசப்பன் இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் அருகில் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“சார், அடுத்தவன் பாட்டை இங்க யாரும் கேக்க மாட்டாங்க. வூட்ல சாவு, இல்லைன்னா யாராச்சும் உசுருக்குக் கெடக்கறாங்க, அப்பதான் கேப்பாங்க. அதனாலதான் கேட்டா இன்னா ஏதுன்னு விசாரிக்கறது இல்ல. குடுத்துருவோம். மாமாவும் அப்டித்தான் குடுத்தாரு.”

“அவருக்கு இன்னிக்கு வண்டியில பெரிய வேலையா?” என்று கேட்டேன். எனக்கே என் குரல் சின்னதாகக் கேட்டது.

குமரேசன் சொன்னார். தேசப்பனின் மகள் கோமதிக்குப் பொன்னேரி நர்சிங் ஹோமில் ஆண் குழந்தை பிறந்து ஐந்து நாள். இன்று டிஸ்சார்ஜ். பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். கோமதி விரும்பிக் கட்டிக்கொண்ட இடம், அனுப்பம்பட்டுப் பக்கம் நெல் போடுகிற குடும்பம். மாப்பிள்ளை தங்கமானவர். மாப்பிள்ளையின் அம்மாதான் ஆஸ்பத்திரியில் நாலு பேர் முன்னிலையில் கேட்டுவிட்டார்: “மீன் வண்டியிலயா எங்க புள்ளைய ஏத்திக்கினு போவப் போறீங்க?”

“நாலரைக்கு ராவு காலம். அதுக்கு முன்னாடி சுத்தமான வண்டியோட வந்து நின்னா அனுப்பறேன், இல்லைன்னா தாயையும் புள்ளையையும் எங்க வூட்டுக்கே கூட்டிக்கினு போயிடறேன்னு சொல்லிட்டாங்க சார். மாமா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. குலுக்கல்ல இன்னிக்குப் பாடு விழுந்திருந்துச்சு, டிஸ்சார்ஜும் இன்னிக்கே. சாமி குடுத்ததுன்னு சொல்லிக்கினு இருந்தாரு.”

“வாடகைக் கார் எடுத்துட்டுப் போகலாமே?”

“வாடகைக் கார்ல போய் நின்னா, அந்தம்மா சொன்னது சரின்னு இவரே ஒத்துக்கின மாதிரி ஆயிடாதா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது? ‘கொஞ்சம் அர்ஜென்ட்’ — இந்த இரண்டு வார்த்தையை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன்? லிஃப்டில் சொல்கிறேன், மருந்துக் கடையில் சொல்கிறேன், பில் போடுகிற இடத்தில் முன்னால் நிற்பவரைத் தாண்டி எட்டிப் பார்த்துச் சொல்கிறேன். எதிரில் இருப்பவர் நம்ப மாட்டார் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நம்பிவிடுகிற ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

மணி பன்னிரண்டே கால். தேசப்பனிடம் போனேன். உண்மையைச் சொன்னேன். சாவும் இல்லை, நோயும் இல்லை, ஒரு மேடை, ஒரு மைக், அவ்வளவுதான் என்றேன். அவர் முகம் மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை.

“யாருக்கும் ஒண்ணும் இல்லையே, அதுவே நல்லது சார்” என்றார்.

“உங்க பாட்டை நீங்களே வெச்சுக்குங்க.”

“குடுத்தத திருப்பி வாங்கற பழக்கம் இல்ல சார். நடக்கறது நடக்கட்டும்.”

இதற்கு என்ன செய்வது? நான் கொஞ்சம் யோசித்தேன்.

“சரி. அப்ப இன்னிக்குப் பாடு என்னுதுதானே?”

“உங்களுதுதான்.”

“நான் அதை யாருக்கு வேணா குடுக்கலாம் இல்லையா?”

“குடுக்கலாம்.”

“உங்களுக்குக் குடுக்கறேன்.”

தேசப்பன் குமரேசனைப் பார்த்தார். குமரேசன் தாடையைச் சொறிந்துகொண்டு, “வழக்கப்படி சரியாத்தான் வருது மாமா” என்றார். தேசப்பன் முதன்முறையாகச் சிரித்தார். அப்புறம்தான் எனக்குச் சட்டமும் சொல்லப்பட்டது. பாட்டைக் கொடுத்தவர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். கரும்பலகையின் அடியில் என் பெயர் ஏறியது. இதை எழுதும்போதும் என் கார் அந்த ஷெட் பக்கத்தில்தான் நிற்கிறது.

என் சக்கரத்தை அப்படியே மாட்டி, மூன்று பேருமாகக் காரைத் தள்ளி வெளியே விட்டோம். வேன் பள்ளத்துக்கு மேல் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகியிருந்தது. பிரேக் கட்டை மாற்ற வேண்டும். சைலன்சர் புகை உள்ளே வருவதை அடைக்க வேண்டும். சிக்கிக்கொண்டு நகராத பக்கக் கதவைச் சரிசெய்ய வேண்டும். சீட்டை மாட்ட வேண்டும். அந்தச் சீட்டுக்கு ஒரு கதை உண்டு. வேனை வாங்கிய அன்றே பெட்டி வைக்க இடம் வேண்டும் என்று கழற்றியதாம். அன்றிலிருந்து தேசப்பன் வீட்டில் அதுதான் சோபா. “இன்னிலேர்ந்து தரைலதான் டிவி பாக்கணும்” என்றார்.

இவை எல்லாம் குமரேசனும் தேசப்பனும் சேர்ந்து செய்கிற வேலைகள். கழுவுகிற வேலைக்குத்தான் ஆள் இல்லை.

கும்மிடிப்பூண்டிக்குப் போன் போட்டேன். வண்டி பழுது, வர முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். “பரவாயில்லைங்க சார், அடுத்த பேச்சாளர் எப்படியும் நேரம் பத்தலைன்னுதான் சொல்லுவார்” என்றார் அமைப்பாளர். அந்தக் குரலில் வருத்தத்தைத் தேடிப் பார்த்தேன். நிம்மதி மாதிரிதான் இருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டினேன். ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு நேராக ஏரியைப் பார்த்து நடந்தேன். எதிரிலேயே அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே.

“சார், சார்… அது வேணாம். உப்புத் தண்ணி. தகரத்தைத் தின்னுடும்” என்று பள்ளத்துக்குள்ளிருந்து குமரேசன் குரல் கொடுத்தார். “டிரம்முல நல்ல தண்ணி இருக்குது பாருங்க.”

ஒரு மீன் வண்டியை நீங்கள் கழுவியிருக்கிறீர்களா? கீழே விரித்திருந்த ரப்பர் ஷீட்டைத் தூக்கினால், அதன் அடியில் இன்னொரு உலகம். காய்ந்த செதில்கள், இறால் மீசைகள், பெட்டியிலிருந்து ஐஸ் உருகி ஓடிய தடம். முதலில் சோப்புத்தூள். அடுத்து புளியைக் கரைத்து ஊற்றித் தேய்க்கச் சொன்னார் தேசப்பன். பிறகு எலுமிச்சம்பழத் தோல். பக்கக் கதவு ஓடுகிற தண்டவாளத்தில் செதிலும் உப்பும் சேர்ந்து கெட்டிப்பட்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, பழைய டூத் பிரஷ்ஷால் அங்குலம் அங்குலமாகச் சுரண்டினேன். கதவு நகராததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று கண்டுபிடித்தது நான். இதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள்.

இடையில் தேசப்பன் வந்து என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கப் பார்த்தார். “வுடுங்க சார், நீங்க போய் இதெல்லாம்…”

“நீங்க போய்க் குளிங்க” என்றேன். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி நிக்கணும்.”

அவர் போகவில்லை. வேனுக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “எனக்கு இதுல வாசனையே தெரிய மாட்டேங்குது சார். முப்பது வருசமா இதுலயே கெடக்கறேன். இருக்குதா, போயிடுச்சா, நீங்கதான் சொல்லணும்.”

தன் வண்டியைக் குறித்து ஒரு மனிதர் இப்படிக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அந்தச் சம்பந்தி அம்மாள் மேல் ஆத்திரமாக வந்தது. இந்த வாசனைதானே கோமதியைப் படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது? ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை. நானும் தலையை உள்ளே விட்டு முகர்ந்தேன். “இன்னும் ஒரு தடவை தேய்ச்சிடறேன்” என்றேன்.

மூன்று இருபதுக்கு வேலை முடிந்தது. நான்கு கதவையும் திறந்து போட்டு வெயிலில் காய்ந்த வேனுக்குள், குமரேசன் சீட்டை இறக்கி நாலு போல்ட்டையும் முறுக்கினார். தேசப்பன் வெள்ளைச் சட்டையில் வந்தார், கையில் புகையும் சாம்பிராணிக் கரண்டியோடு. வேனின் மூலை முடுக்கெல்லாம் காட்டினார். கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை மிதித்துப் பார்த்தார். நின்றது. மறுபடி மிதித்தார். மறுபடி நின்றது.

“பொன்னேரி ஸ்டேஷன்ல என்னை இறக்கி விட்டுடுங்க” என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். ஆனால் ஸ்டேஷன் வந்தபோது நானும் இறங்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. ‘மூணு மணிக்குள்ள’ என்று நான் கேட்டதால் வீணாய்ப் போன ஒரு மணி நேரத்தை நினைத்துக்கொண்டு நான் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு பத்து. நர்சிங் ஹோம் வாசல். மாப்பிள்ளையின் அம்மா படியிலேயே நின்றிருந்தார். பெரிய குங்குமம், மொடமொடப்பான புடவை. பக்கத்தில் ஏற்கெனவே ஒரு வாடகைக் கார் தயாராக நின்றிருந்தது. தேசப்பன் வேனை நிறுத்தி இறங்கினார்.  அவர் கை தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

அந்த அம்மாள் வேனை ஒரு சுற்று சுற்றினார். பக்கக் கதவின் கைப்பிடியை ஒரு விரலால் இழுத்தார். கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. உள்ளே குனிந்தார். மூச்சை நன்றாக இழுத்தார்… பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

கோமதி குழந்தையோடு வெளியே வந்து நின்றாள். “நைனா, இது நம்ம வண்டியா?” என்றாள். தேசப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

“வெயில்ல இன்னா நிக்க வெச்சிக்கினு? ஏத்துங்க” என்றார் அந்த அம்மாள். வாடகைக் காரைக் கையசைத்துப் போகச் சொன்னார். கோமதி ஏறினாள். அந்த அம்மாள், கையில் வாங்கியிருந்த குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு, தானும் ஏறி அந்தச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். “நானும் கூட வந்து வுட்டுட்டு வர்றேன்.”

மணி நாலு இருபது. தேசப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார். நான் விடைபெறலாம் என்று பக்கக் கதவருகே போய், குழந்தையைப் பார்க்கக் குனிந்தேன்.

அந்த அம்மாள் சட்டென்று முந்தானையை மூக்கில் வைத்தார். தேசப்பனிடம் சொன்னார்:

“வண்டிய நல்லாத்தான் வெச்சிருக்கீங்க சம்பந்தி… கூட வந்த ஆளத்தான் கொஞ்சம் கழுவி இட்டாந்திருக்கலாம்.”